லேசாக விழுந்த ஸ்கூட்டர்: செல்ஃப் எடுக்கவில்லை, பியூஸ் நிற்கவில்லை

கேள்வி: 9 நவம்பர் 2024, காலை

விழுப்புரத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 2021இல் வாங்கிய 110 சிசி, பி.எஸ். 6 ஸ்கூட்டர். முந்தாநாள் மாலை தெருமுனையில் திரும்பும்போது மணலில் சறுக்கி இடப்பக்கமாக விழுந்தேன். வேகம் மிகக் குறைவு. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டியில் இடது பிரேக் லீவர் வளைந்திருக்கிறது, இடப்பக்க முன் இண்டிகேட்டரும் கண்ணாடியும் உடைந்துவிட்டன. தூக்கி நிறுத்தியதும் செல்ஃப் போட்டால் சத்தமே இல்லை. கிக்கரை உதைத்தாலும் பிடிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்து உதைத்தபோது உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் செல்ஃப் இன்றுவரை எடுக்கவில்லை. ஒரு பட்டறையில் பேட்டரி போய்விட்டது என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) போயிருக்கும், பெரிய செலவு என்கிறார்கள். எதை நம்புவது அண்ணா?

9 நவம்பர் 2024, இரவு

தம்பி, இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். விழுந்த வண்டியில் மின்கோளாறு வந்தால், என்ன வேலை செய்யவில்லை என்று பார்ப்பதற்கு முன்னால், வண்டியின் எந்தெந்த இடம் தரையைத் தொட்டது, அந்த அடியில் எந்த ஒயர் இழுபட்டிருக்கும் என்று பார்க்க வேண்டும். பேட்டரியும் ஈசியூவும் வண்டியின் உள்ளே, அடி படாத இடத்தில் இருக்கின்றன. கைப்பிடி, லீவர், சுவிட்சு, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு ஆகியவை வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடியை வாங்கியவை அவை; கோளாறு அவற்றில்தான் தொடங்கும்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு பதில் இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டுத் திரும்ப வந்து போட்டதும் எஞ்சின் பிடித்தது என்கிறீர்கள். எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகள் பலவற்றில் சாய்வு உணரி ஒன்று உண்டு. வண்டி ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் சாய்ந்து சில நொடிகள் கிடந்தால், பெட்ரோல் பம்பையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும்படி அது ஈசியூவுக்குச் சொல்லும். கோணக் கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். வண்டியை நிமிர்த்தினால் மட்டும் அந்தத் தடை நீங்காது, சாவியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் வண்டிக்குச் சாவியின் ஓய்வு கிடைத்தது, அவ்வளவுதான். ஆகவே கிக்கரில் பிடிக்காமல் போனது கோளாறே அல்ல. விழுந்த வண்டியிலிருந்து பெட்ரோல் கொட்டி நெருப்புப் பிடிக்காமல் காப்பதற்காக வைத்த ஏற்பாடு சரியாக வேலை செய்திருக்கிறது.

ஈசியூ பற்றிய பயத்துக்கும் எளிய சோதனை இருக்கிறது. சாவியைப் போட்டதும் மீட்டரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்பு இரண்டு மூன்று நொடிகள் முனகி அடங்குகிறதா என்று அமைதியான இடத்தில் கேளுங்கள். முனகினால் ஈசியூவுக்கு மின்சாரம் வருகிறது, அது உத்தரவு போடுகிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது அந்த விளக்கு அணைந்தும் இருந்தால் ஈசியூவை மறந்துவிடலாம்.

பேட்டரியைப் பற்றி நாளை.

10 நவம்பர் 2024, காலை

பேட்டரி பலவீனமானால் செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது ரிலே (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சு) டக் டக் என்று தட்டும், மீட்டர் விளக்குகள் மங்கும். உங்கள் வண்டியில் சத்தமே இல்லை, விளக்கும் மங்கவில்லை. இது பொத்தானிலிருந்து ரிலே வரைக்கும் உத்தரவே போகவில்லை என்பதன் அடையாளம். மல்டிமீட்டர் இருந்தால், ஓய்வில் இருக்கும் பேட்டரியின் முனைகளில் அளந்து பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது.

இனி உங்கள் வளைந்த லீவருக்கு வருகிறேன். நம் ஊர் ஸ்கூட்டர்களில் பிரேக்கைப் பிடிக்காமல் செல்ஃப் எடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யோசிப்பவர்கள் குறைவு. பொத்தானுக்குப் போகும் மின்சாரம் பிரேக் லீவரின் அடியில் உள்ள சிறிய சுவிட்சு வழியாகத்தான் போகிறது. பிரேக் விளக்குக்கும் அதே சுவிட்சுதான். லீவர் வளைந்தால் அது சுவிட்சின் குமிழை விட்டு விலகி நிற்கும், அல்லது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். விலகி நின்றால் செல்ஃப் எடுக்காது. அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக் பிடிக்காமலேயே பின்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். எனவே கருவி ஏதும் இல்லாமல், வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிற்கவைத்து, சாவியைப் போட்டு இடது லீவரையும் வலது லீவரையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் இரண்டில் எதைப் பிடித்தாலும் செல்ஃப் எடுக்க வேண்டும். வலது லீவரில் எடுத்து இடது லீவரில் எடுக்காவிட்டால் இடது சுவிட்சுதான் கோளாறு. அதன் விலை பேட்டரி விலையில் ஒரு சிறு பங்கு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் என் பழைய ஸ்கூட்டர் இதேபோல இடப்பக்கம் சாய்ந்தது. கொண்டுபோன இடத்தில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள், பிறகு ரிலேயை மாற்றினார்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்த பிறகும் செல்ஃப் எடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கைப்பிடியின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பிரேக் சுவிட்சின் தகட்டு முனையிலிருந்து ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் செருகியதும் வண்டி பேசியது. மாற்றியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அறிகுறியைக் கேட்டார்கள், வண்டி எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்கவில்லை.

10 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. இடப்பக்கம் விழுந்தால் சைடு ஸ்டாண்டும் அடி வாங்கும். ஸ்டாண்டு போட்டிருந்தால் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் சுவிட்சு உள்ள மாடல்களில், ஸ்டாண்டை மேலே மடக்கிய பிறகும் மீட்டரில் ஸ்டாண்டு விளக்கு அணையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஒயர் வரும் சுவிட்சு என்றால், ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியான கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரைப் பஸ்ஸர் நிலையில் வைத்து ஸ்டாண்டை ஏற்றி இறக்கினால் சத்தம் வந்து வந்து நிற்க வேண்டும். மூன்று ஒயர் வரும் வகை காந்த உணரி; அதை இப்படிச் சோதிக்க முடியாது.

11 நவம்பர் 2024, மாலை

தம்பி தனிச்செய்தியில் புதிய விவரம் அனுப்பியிருக்கிறார். வலது லீவரைப் பிடித்தால் செல்ஃப் எடுக்கிறது. ஆக இடது சுவிட்சு உறுதியாயிற்று. ஆனால் நேற்று மாலை அதே வண்டியில் கடைக்குப் போய்விட்டு வலப்பக்கம் திரும்பியபோது எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டது. பியூஸ் போயிருந்தது. பியூஸ் பெட்டியில் இருந்த உபரிப் பியூஸைப் போட்டிருக்கிறார். அதுவும் கைப்பிடியைத் திருப்பியதும் போய்விட்டது. இரண்டாவது கோளாறு தனியாக இருக்கிறது. முதலாவதை மட்டும் சரி செய்து நிறுத்தியிருந்தால் இது நடுரோட்டில் மீண்டும் தலைகாட்டியிருக்கும்.

முதலில் ஒரு வேண்டுகோள். பியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளையோ செம்புக் கம்பியையோ வைத்து ஓட்டாதீர்கள். 10 ஆம்பியர் பியூஸ் போகிறது என்றால் 10 ஆம்பியரைத் தாண்டிய மின்னோட்டம் எங்கோ உடம்புச் சட்டத்தில் இறங்குகிறது. அதைத் தடுக்கும் ஒரே கண்ணி பியூஸ். அதைக் கம்பியால் கட்டினால் அடுத்துச் சூடாவது வண்டியின் ஒயர்க்கட்டு முழுவதும், அதாவது ஒயரிங் கிட்தான். அது ஓடுவது பெட்ரோல் டேங்கை ஒட்டி. பெரிய பியூஸ் போடுவதும் இதே தவறின் நாகரிகமான வடிவம்.

பியூஸை ஒவ்வொன்றாக எரித்துக் கோளாறு தேடுவதற்குப் பதிலாக, பழைய ஒயரிங்காரர்கள் செய்யும் பல்பு முறையைச் செய்யுங்கள். 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றும் ஹோல்டரும் எடுத்து இரண்டு ஒயர்களை இழுத்து, பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இரு முனைகளில் பல்பைப் பொருத்துங்கள். இப்போது பியூஸுக்குப் பதிலாகப் பல்பு வழியாக மின்சாரம் போகும். ஷார்ட் (ஒயர் இரும்பைத் தொட்டு மின்சாரம் நேரே இறங்குவது) எங்கிருந்தாலும் அதிகபட்சம் 1.75 ஆம்பியர்தான் ஓடும், எதுவும் எரியாது. ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் விலகியதும் சட்டென்று மங்கும்.

சாவியைப் போடும் முன் முகப்பு விளக்கின் கப்ளரையும் பெட்ரோல் பம்பின் கப்ளரையும் கழற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் அவை இழுக்கும் மின்சாரத்திலேயே பல்பு எரிந்து குழப்பும். பிறகு கைப்பிடியை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு மெல்லத் திருப்புங்கள். பல்பு எந்த இடத்தில் பளிச்சிடுகிறதோ அங்கே கைப்பிடியை நிறுத்தி, கைப்பிடித் தண்டு சேசிஸுக்குள் இறங்கும் கழுத்துப் பகுதியில் ஒயர்க்கட்டை விரலால் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். எந்த இடத்தை நகர்த்தும்போது பல்பு மங்குகிறதோ அந்த இடம்தான்.

11 நவம்பர் 2024, இரவு

பல்புக்குப் பதில் மல்டிமீட்டரின் பஸ்ஸரை வைத்துப் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்கிறார். பார்க்கலாம், ஆனால் பயன் குறைவு. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. சாவி போட்ட ஒரு சுற்றில் பல்புகள், ரிலே சுருள்கள் எல்லாம் இணையாக இருப்பதால், ஷார்ட் இல்லாமலேயே பஸ்ஸர் ஒலித்துவிடும். மேலும் ஆடும் ஒயரில் ஒரு நொடி தொட்டு விலகும் ஷார்ட்டை, கையில் கொறடும் கண்ணில் மீட்டருமாக இருப்பவர் கவனிக்க முடியாது. பல்பின் வெளிச்சம் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதும் கண்ணில் படும்.

14 நவம்பர் 2024

தம்பி கண்டுபிடித்துவிட்டார். படமும் அனுப்பியிருக்கிறார், மிகத் தெளிவான படம், இந்த இழையைப் படிக்கும் எல்லோருக்கும் உதவும் என்பதால் விவரிக்கிறேன். முகப்பு ஏப்ரனை, அதாவது முன்புற பேனலைக் கழற்றினால், கைப்பிடித் தண்டு சேசிஸின் கழுத்துக்குள் இறங்கும் இடம் தெரிகிறது. கைப்பிடி கோடிவரை திரும்பும்போது இடித்து நிற்பதற்காகக் கழுத்தில் ஒரு இரும்புத் துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஒரு விரல்கடை மேலே ஒயர்க்கட்டைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது. விழுந்த வேகத்தில் கைப்பிடி கோடிவரை அடித்துத் திரும்பியபோது கிளிப் உடைந்திருக்கிறது. கட்டு கீழே நழுவி இரும்புத் துண்டின் வழியில் வந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வலத்திருப்பத்திலும் கைப்பிடி அந்த ஒயர்களைப் பாக்குவெட்டியில் வைத்தது போல நசுக்கியிருக்கிறது. கறுப்புச் சுற்றுநாடா கிழிந்து, உள்ளே பிரேக் சுவிட்சுக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் ஒரு ஒயரின் தோல் மட்டும் உரிந்து, செம்பு இழைகள் இரண்டு மூன்று அறுந்து மீசை போல வெளியே நிற்கின்றன. எதிரே இரும்பின் பெயின்ட் பொரிந்து, நடுவில் பளபளவென்று ஒரு புள்ளி. தீப்பொறி பறந்த இடம்.

விழுந்த அன்றே பியூஸ் போகாமல் சில நாள் கழித்துப் போனதற்கும் இதுவே காரணம். அடியில் உடைந்தது கிளிப். ஒயரை அறுத்தது அதற்குப் பின் வந்த திருப்பங்கள். எனவே விழுந்த வண்டி நன்றாக ஓடுகிறது என்றாலும், முன்புற பேனலைக் கழற்றி ஒயர்க்கட்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

15 நவம்பர் 2024

ஒயரை எப்படி ஒட்டுவது என்ற கேள்விக்குச் சற்று நீளமாகவே எழுத வேண்டும்.

வெறும் முறுக்கு, மேலே இன்சுலேஷன் டேப் என்பது பட்டறைகளில் சாதாரணமாக நடப்பது. கோடையில் ஏப்ரனுக்குள் சூடு ஏறினால் டேப்பின் பசை இளகி நழுவும், மழையில் நீர் புகும், முறுக்கிய இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிறகு அந்த இணைப்பு மின்தடையாக மாறும். ஒரு ஓம் தடை என்றால் கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் 2 ஆம்பியர் இழுக்கும் ஹாரன் அந்த வழியில் இருந்தால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஹாரன் தொண்டை கட்டியது போல ஒலிக்கும்.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் நல்லது என்றே பல காலம் செய்துவந்தேன். இன்றும் ஆடாத இடங்களில் அதையே செய்வேன். ஆனால் கழுத்துப் பகுதியில் இப்போது அதைத் தவிர்க்கிறேன். உருகிய ஈயம் இழைகளுக்கு இடையில் ஊறி ஒயரைச் சிறிது தூரம் விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிந்து மென்மை தொடங்கும் இடத்தில், கைப்பிடி திரும்பத் திரும்ப அதே புள்ளியில் வளைந்து இழைகள் ஒவ்வொன்றாக அறும். அதனால் ஆடும் இடத்தில், சரியான அளவு கிரிம்ப் குழலைச் சரியான கொறடால் அழுத்தி, மேலே பசை பூசிய ஹீட் ஸ்லீவைச் சூடாக்கிச் சுருங்கவைப்பதே என் பரிந்துரை. முடிந்தால் வெட்டும் இடத்தையே வளைவிலிருந்து தள்ளி வைத்து, அதே கனமுள்ள புதிய ஒயரை நடுவில் சேர்த்து, இரண்டு இணைப்புகளையும் ஆடாத பகுதியில் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் இவை எல்லாம்.

உடைந்த கிளிப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டையைப் போட்டால், இறுக்கிக் கட்டக்கூடாது. கைப்பிடியை இரண்டு கோடிக்கும் திருப்பி, எந்தப் பக்கமும் ஒயர் விறைக்காத அளவு தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

17 நவம்பர் 2024

"இவ்வளவு பாடு எதற்கு, ஒயரிங் கிட்டையே முழுதாக மாற்றிவிடுங்கள், தலைவலி போகும்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கிட் சூட்டில் உருகியிருந்தால், அல்லது பல இடங்களில் ஏற்கெனவே ஒட்டுப்போட்டிருந்தால் மாற்றுவதே சரி. ஆனால் ஒரே ஒயரில் தோல் உரிந்ததற்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட பின்கள் கொண்ட கப்ளர்களை எல்லாம் கழற்றி, பேனல் அனைத்தையும் பிரித்து மாட்டுவது புதிய கோளாறுகளுக்கு வாசல் திறப்பதாகும். அவசரத்தில் பூட்டப்பட்ட பேனலுக்கு அடியில் நசுங்கிய ஒயர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலும் மாற்றுக் கிட் வந்தாலும் உடைந்த கிளிப்பைக் கவனிக்காவிட்டால் புது ஒயரும் அதே இரும்பில்தான் அறுபடும்.

காப்பீட்டில் பணம் கோரப் போகிறவர்கள் மட்டும், நிறுவனத்தின் ஆய்வாளர் பார்க்கும் முன் எதையும் பிரிக்காமல் படம் எடுத்து வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் ஒயரை வெட்டினால் மின்பாகங்களுக்கான உத்தரவாதம் மறுக்கப்படலாம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

17 நவம்பர் 2024, இரவு

ஒயர் நிறங்கள் பற்றி. எர்த் என்பது மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. ஹோண்டாவில் பச்சை ஒயர் எர்த், கறுப்பு ஒயர் சாவி போட்டதும் மின்சாரம் வருவது. யமஹாவில் கறுப்பு எர்த், பழுப்பு சாவி மின்சாரம். சுஸுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த், ஆரஞ்சு சாவி மின்சாரம். ஒரு வண்டியில் பழகிய கை அடுத்த வண்டியின் கறுப்பு ஒயரை எர்த் என்று நினைத்து உடம்போடு சேர்த்துவிட்டால் பியூஸ் போகும். உங்கள் மாடலின் வரைபடத்தைப் பார்த்த பிறகே வெட்டுங்கள். நிறத்தை நம்புவதைவிடப் பல்பால் சோதித்து நம்புவது மேல்.

20 நவம்பர் 2024

உடைந்த இண்டிகேட்டரை மாற்றிய பிறகும் இடப்பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னுகிறது என்கிறார் தம்பி. பக்கத்துக்கு இரண்டு 10 வாட் பல்பு இருக்கும் என்ற கணக்கில், இண்டிகேட்டரை மின்னவைக்கும் ஃபிளாஷர் ஓடுகிறது. ஒன்று எரியாவிட்டால் சுமை குறைந்து வேகம் கூடும். புது பல்பு நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் அதன் எர்த் ஒயர் துண்டாகியிருக்கும்.

எர்த் கோளாறு ஆளை ஏமாற்றும் விதம் ஒன்று உண்டு. ஒரு விளக்கைப் போட்டால் அதோடு தொடர்பில்லாத இன்னொரு விளக்கு மங்கலாக எரியும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் லேசாகச் சிவக்கும். தன் சொந்த வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது. பூதம் புகுந்தது போல விளக்குகள் நடந்துகொண்டால் சுவிட்சுகளைப் பிரிக்காதீர்கள், எர்த் போல்ட்டைத் தேடுங்கள்.

இதைச் சோதிக்க வெறும் வோல்ட் அளவை நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும், சுமை இல்லாதபோது மீட்டரில் 12.5 வோல்ட் காட்டும். விளக்கோ ஹாரனோ வேலை செய்துகொண்டிருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த்திலும் வைத்து அளக்க வேண்டும். அங்கே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் துருவோ தளர்வோ இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, சேசிஸிலும் வளையத்திலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு இறுக்குங்கள்.

24 நவம்பர் 2024

வண்டி ஒரு வாரமாக ஒழுங்காக ஓடிய பிறகு, இன்று காலை செல்ஃப் டக் டக் என்று தட்டிவிட்டு நின்றிருக்கிறது. கவனியுங்கள், இந்த முறை ரிலே தட்டுகிறது. முன்பு நான் விலக்கிய பேட்டரி சந்தேகம் இப்போது நியாயமாகவே திரும்பி வருகிறது. அளந்ததில் 11.9 வோல்ட். ஆனாலும் புதுப் பேட்டரி வாங்கும் முன், பழையதற்குச் சாப்பாடு போகிறதா என்று பார்க்க வேண்டும். கிக்கரில் ஸ்டார்ட் செய்து, எஞ்சினைச் சற்று உயர்ந்த வேகத்தில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5 முதல் 14.8 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

24 நவம்பர் 2024, மாலை

12.1 வோல்ட்தான் வருகிறதாம். சார்ஜ் ஏறவில்லை. அவர் மாடலில், பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் முன் ஏப்ரனுக்குப் பின்னால், இடப்பக்கமாக இருக்கிறது. மறுபடியும் விழுந்த பக்கமே. அதன் கப்ளரை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, பூட்டு நாக்கு உடைந்து பாதி வெளியே வந்து நின்றிருக்கிறது. பின் ஒன்று நிறம் மாறிப் பழுப்பாகி, அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. பாதி மட்டும் தொடும் பின்னில் மின்னோட்டம் முழுவதும் போக முயன்றால் இப்படித்தான் சூடேறும்.

கப்ளரை அழுத்திச் செருகிவிட்டு ஓட்டக்கூடாது. கருகிய பின் பிடிமானத்தை இழந்துவிட்டது, மீண்டும் சூடாகும். நல்ல நிலையிலுள்ள பழைய கப்ளரை ஒயர் வாலோடு கேட்டால் ஒயரிங் கடைகளில் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. மாற்றும் முன், எஞ்சினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களில் எதற்கும் உடம்போடு தொடர்பில்லை என்பதையும், ஓடும்போது இரண்டிரண்டாக அளந்தால் மூன்று ஜோடியிலும் ஏசி வோல்ட் ஏறத்தாழ சமமாக வருகிறது என்பதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சமமாக வந்தால் உள்ளே சுருள் நலம்.

3 டிசம்பர் 2024

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை விழுப்புரத்தை எப்படி மூழ்கடித்தது என்று எல்லோரும் அறிவோம். தம்பி நலமாக இருக்கிறார் என்பதே முதல் நிம்மதி. வண்டி ஃபுட்போர்டைத் தாண்டிய நீரில் நின்றிருக்கிறது. அதே நிலையில் வண்டி வைத்திருக்கும் பலர் இதைப் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஈரமான கப்ளரில் மின்சாரம் இருந்தால் செம்பு வேகமாக அரிக்கும்; மின்சாரம் இல்லாத ஈரம் அவ்வளவு கெடுதல் செய்யாது. கப்ளர்களைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, நிழலில் காற்றில் உலரவிடுங்கள். முடி உலர்த்தியை மிக அருகில் பிடித்தால் பிளாஸ்டிக் நெளியும். ஏர் ஃபில்டருக்குள்ளும் எஞ்சின் ஆயிலிலும் நீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்காமல் கிக்கரை உதைக்காதீர்கள். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் மாற்ற வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இந்த இழையில் உள்ள எந்தச் சோதனையையும் அதன் பெரிய பேட்டரிப் பக்கம் செய்ய வேண்டாம். விழுந்திருந்தாலும், நீரில் நின்றிருந்தாலும் சார்ஜ் போடாமல், வீட்டுக்குள் வைக்காமல், திறந்த வெளியில் நிறுத்திவிட்டு நிறுவனத்தின் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

12 டிசம்பர் 2024

தம்பியின் இன்றைய அளவுகள்: ஓய்வில் 12.7 வோல்ட், எஞ்சின் வேகத்தில் 14.2. புது கப்ளரைக் கால் மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு விரலால் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. ஒட்டுப்போட்ட கழுத்து ஒயர் வெள்ளத்தையும் தாங்கிவிட்டது. பேட்டரி பழையதே; ஈசியூவும் பழையதே. இடது பிரேக் சுவிட்சுக்கு மட்டும் இன்னும் சரக்கு வரவில்லையாம். அதுவரை வலது லீவரைப் பிடித்தே ஸ்டார்ட் செய்யலாம், ஆனால் ஓட்டும்போது இடது பிரேக்கை மட்டும் பிடித்தால் பின்விளக்கு எரியாது; பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. ஆகையால் சுவிட்சு வரும்வரை ஒவ்வொரு முறையும் வலது லீவரையும் சேர்த்துத் தொடுங்கள், இரவில் நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள். வளைந்த லீவரைத் தட்டி நிமிர்த்தாமல் புதிதாகவே போடுங்கள். நிமிர்த்திய வார்ப்பு அலுமினியம் அவசரப் பிரேக்கில் முறிந்துவிடக்கூடும்.

சுவிட்சைப் பொருத்தியதும், லீவர் பிரேக்கைப் பிடிக்கத் தொடங்கும் அதே இடத்தில் விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.